சத்துக்குறையும் பெண்களின் முடி உதிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனைக்கு வரும் பெண்கள் எதைக் கேட்க வந்தாலும், கிளம்பும் முன் முடியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள். பலர் அதற்குள் இரண்டு மூன்று மாத்திரை டப்பாக்களைக் காலி செய்துவிட்டு, பலன் இல்லை என்ற வருத்தத்தோடு வந்திருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்பது, எந்தப் பரிசோதனை எதற்கு என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினா பயப்படணும்?

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கும் நாளில் அதைவிட அதிகமாகத் தெரியும். முந்தைய நாட்களில் உதிர்ந்து மற்ற முடியோடு சிக்கிக் கிடந்ததும் அன்றைக்குச் சேர்ந்து வந்துவிடும். முடி நீளமாக இருந்தால் ஐம்பது முடியே ஒரு பெரிய உருண்டையாகத் திரண்டு பயமுறுத்தும்.

ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உங்களுடைய வழக்கம் எது, அதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்ட் இப்போது மூன்று சுற்று கேட்கிறதா, பின்னல் மெலிந்துவிட்டதா, வகிடு முன்பைவிட அகலமாகத் தெரிகிறதா, தலையணையில் புதிதாக முடி கிடக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று சில வாரங்களாகத் தொடர்ந்தால் கவனிக்க வேண்டியதுதான்.

முடி வேரோட வருது. நுனியில வெள்ளையா இருக்கு. அந்த இடத்துல இனிமே முளைக்காதா?

முளைக்கும். அந்த வெள்ளைக் குமிழ் வேர் இல்லை. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அப்படித்தான் இருக்கும். முடியை உருவாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. சத்துக்குறையால் கொட்டும் முடி பெரும்பாலும் இப்படி வெள்ளை முனையோடுதான் வரும்.

முனையே இல்லாமல் குட்டை குட்டையாக வந்தால் அது உதிர்வே இல்லை, நடுவில் முறிந்தது. சூடு, ரசாயனச் சிகிச்சை, இறுக்கிக் கட்டுவது போன்றவற்றால் வருவது அது. அதற்கு மாத்திரை தேட வேண்டியதில்லை.

சாப்பாட்டுல சத்து குறைஞ்சா முடி ஏன் கொட்டுது? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது, பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்குகிறது, இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிர்கிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளர்பருவத்தில் இருக்கும். வளரும் முடியின் அடியில் இருக்கும் செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அவற்றுக்குப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் (ஜிங்க்) இடைவிடாமல் வேண்டும். ஆனால் வரவு குறையும்போது உடல் முதலில் இதயத்தையும் மூளையையும் ரத்தத்தையும்தான் பார்க்கும். முடி இல்லாமல் உயிர் வாழலாம் என்பதால், அதற்கான பங்குதான் முதலில் வெட்டுப்படும்.

அப்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரிய பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுப்பருவத்துக்குப் போய்விடும். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1961-ல் இதை விவரித்து 'டீலோஜன் எஃப்லூவியம்' என்று பெயர் வைத்தார். நினைவில் வைக்க வேண்டியது இதன் தாமதம். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால் இன்றைக்குக் கொட்டும் முடிக்குக் காரணம் போன வாரம் மாற்றிய ஷாம்பு அல்ல. மூன்று மாதத்துக்கு முந்தைய நாட்காட்டியைப் புரட்டுங்கள். கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்த டயட், புதிதாகத் தொடங்கிய மருந்து, தாங்க முடியாத துக்கம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும்.

நான் மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிடுறேன். எனக்கு எப்படி சத்துக்குறை வரும்?

பெண்களைப் பொறுத்தவரை இரும்புச்சத்துக் குறைவுக்குத் தட்டில் உள்ளது மட்டும் காரணமில்லை. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரண மாதவிடாயில் 30 முதல் 40 மி.லி. ரத்தம் போகிறது என்றால், மாதாமாதம் 15 முதல் 20 மி.கி. இரும்பு வெளியேறுகிறது. 80 மி.லி.க்கு மேல் போனால் 40 மி.கி.க்கும் மேல். ஆனால் சாப்பாட்டிலிருந்து உடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ 1 முதல் 2 மி.கி.தான், அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். அமெரிக்கப் பரிந்துரையில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 8 மி.கி. இரும்பும் மாதவிடாய் வயதுப் பெண்களுக்கு 18 மி.கி.யும் சொல்லியிருப்பது இதனால்தான்.

அளவு அதிகமா என்று எப்படித் தெரியும்? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, இரவில் எழுந்து மாற்றுவது எல்லாமே அதிக ரத்தப்போக்கின் அடையாளங்கள். "எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று இதை மருத்துவரிடம் சொல்லாமலே விட்டவர்கள் ஏராளம். தயவுசெய்து சொல்லுங்கள்.

இது தவிர, சாப்பிட்டதைக் குடல் உறிஞ்சாமல் போவதும் உண்டு. சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படுவது), இரைப்பையில் வரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாத் தொற்று, நாள்பட்ட அமிலக் குறைப்பு மாத்திரைகள், எடை குறைக்கும் வயிற்று அறுவைச் சிகிச்சை ஆகியவை அந்த வகை.

என்னென்ன பிளட் டெஸ்ட் எடுக்கணும்?

பெரிய பட்டியல் தேவையில்லை. முழு ரத்த அணு எண்ணிக்கை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ஆகிய மூன்றும் முதலில். வெயிலே படாதவர்களுக்கும் எலும்பு வலி உள்ளவர்களுக்கும் வைட்டமின் டி. அசைவம் சாப்பிடாதவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12. துத்தநாகத்தைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டும் அது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் பருவும் அதிகமானால் ஹார்மோன் பரிசோதனைகளை மருத்துவர் முடிவு செய்வார்.

முடியை வெட்டி அனுப்பினால் அதில் உள்ள தாதுக்களை அளந்து சத்துக்குறையைச் சொல்கிறோம் என்ற பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஷாம்பு, சாயம், தண்ணீர் எல்லாமே அந்த அளவுகளை மாற்றிவிடும்.

ஹீமோகுளோபின் நார்மல்னு வந்திருக்கு. அப்போ இரும்புச்சத்து போதும்தானே?

போதும் என்று அர்த்தமில்லை. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். ஹீமோகுளோபின் என்பது இப்போது கையில் புழங்கும் பணம், ஃபெரிட்டின் என்பது சேமிப்புக் கணக்கு. வரவு குறைந்தால் உடல் சேமிப்பிலிருந்து எடுத்துப் புழக்கத்தைச் சரிக்கட்டும். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எல்லைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இருப்பு தீர்ந்திருக்கலாம்.

ரத்தசோகை இல்லாமலே இரும்பு குறைந்தவர்களுக்குக் காரணமில்லாத அசதி, படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, ஐஸ்கட்டி மெல்லும் ஆசை, உதட்டோர வெடிப்பு, நகம் உடைவது ஆகியவை இருக்கலாம். முடியைப் பற்றி மட்டும் பேச வந்தவரிடம் இதையெல்லாம் கேட்டால், "ஆமா, அதுவும் இருக்கு" என்பார்கள்.

ஃபெரிட்டின் 22 இருக்கு. ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு, டாக்டர் குறைவுன்னு சொல்றாங்க. யாரை நம்புறது?

இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்று வரையறுத்திருக்கிறது. ஆய்வகங்களும் ஏறக்குறைய அந்த எல்லையையே அச்சிடுகின்றன. தோல் மருத்துவர்களில் பலர், முடி கொட்டும் பெண்ணுக்கு 40-க்கு மேலாவது இருக்கட்டும் என்று பார்க்கிறார்கள். இந்த 40 என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை அல்ல. குறைந்த ஃபெரிட்டினுக்கும் முடி உதிர்வுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகளும் உண்டு, காட்டாதவையும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், முடி கொட்டுகிறது, மாதவிடாய் அதிகம், ஃபெரிட்டின் 22 என்றால் மருத்துவர் சொல்வதைக் கேட்டுச் சரிசெய்வதே நல்லது. முடி திரும்பாவிட்டாலும் அசதியாவது தீரும்.

ஒரு எச்சரிக்கை. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அப்படிப்பட்ட நேரத்தில் 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவாக இருக்கலாம் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. காய்ச்சல் விட்ட மறுநாளே இந்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள்.

இரும்பு மாத்திரை எனக்கு வயிறு ஒத்துக்கல. சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதா?

குறைவு லேசாக இருந்தால் முடியும், மெதுவாக. இருப்பு காலியாகிவிட்டது என்றால் சாப்பாடு மட்டும் எட்டாது. ஃபெரிட்டினில் ஒரு எண் ஏற உடலில் சுமார் 8 முதல் 10 மி.கி. இரும்பு சேர வேண்டும். 12-லிருந்து 45-க்குப் போக ஏறக்குறைய 300 மி.கி. தேவை. உணவிலிருந்து உறிஞ்சப்படும் 1, 2 மி.கி.யை வைத்துக் கணக்குப் போட்டால், அடுத்த மாதவிடாய் அதைக் கழித்துக்கொண்டே போகும் என்பது புரியும்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளச் சில வழிகள் உண்டு. மாத்திரை விழுங்கியதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாளைக்கு இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளையாக எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. தினமும் இரண்டு மூன்று வேளை போட்டுத் திணறுபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரையின் வகையையும் மாற்றலாம். 325 மி.கி. ஃபெரஸ் சல்பேட்டில் உண்மையான இரும்பு 65 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எடையில் 12 சதவீதம்தான், அது சிலருக்கு எளிதாக ஒத்துக்கொள்கிறது. மலம் கறுப்பாகப் போவது சாதாரணம்.

மாத்திரையானாலும் உணவானாலும் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை ஓரிரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கீரை, பயறு, பருப்பில் உள்ள இரும்பை உறிஞ்ச வைட்டமின் சி உள்ள பழமோ காயோ அதே வேளையில் வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு இவற்றைவிட எளிதாகச் சேரும். இன்னொன்று: இரும்பு மாத்திரையைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அவர்கள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் கொட்டிக்கிட்டேதான் இருக்கு. நிறுத்திடவா?

நிறுத்தாதீர்கள். ஏற்கனவே ஓய்வுப்பருவத்துக்குப் போய்விட்ட முடி விழுந்தே தீரும். அதை எந்த மாத்திரையாலும் பிடித்து வைக்க முடியாது. மேலே சொன்ன இரண்டு மூன்று மாதத் தாமதம் குணமாவதற்கும் பொருந்தும். கொட்டுவது குறைய மூன்று மாதம் கொடுங்கள். புது முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோள்வரை முடி வைத்திருப்பவருக்கு அடர்த்தி திரும்பியதாகக் கண்ணாடியில் தெரிய ஓராண்டுக்கு மேலே ஆகும்.

அதற்கு முன்பே தெரியும் நல்ல அறிகுறி ஒன்று உண்டு. நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், கூர்முனையோடு விறைத்து நிற்கும் முடிகளைப் பாருங்கள். பலர் அதை உடைந்த முடி என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உடைந்த முடிக்கு முனை மழுங்கியோ பிளந்தோ இருக்கும், புது முடிக்கு நுனி மெலிந்து கூராக இருக்கும். அந்தக் கூர்முனையைப் பார்த்தவர்கள் பொறுமையோடு தொடர்வதை நான் கண்டிருக்கிறேன்.

முடிக்கு பயோட்டின் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எடுக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும், அது சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும். கடையில் விற்கும் மாத்திரைகளிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. உண்மையான பயோட்டின் குறைவு அரிது. பிறவியிலேயே பயோட்டினிடேஸ் நொதி இல்லாதவர்கள், சில வலிப்பு மருந்துகளை நீண்டநாள் எடுப்பவர்கள், பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை நாள்தோறும் சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு வரும். குறைவே இல்லாதவருக்கு இது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

"எடுத்தா என்ன கெட்டுப் போகும்?" என்று கேட்பவர்களுக்கு: ரத்தப் பரிசோதனை கெட்டுப் போகும். அதிக அளவு பயோட்டின் பல ஆய்வக முறைகளில் குறுக்கிடுகிறது. தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல் பொய்யான முடிவு வரலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் எடுத்துக்கொண்டே அதே முடிக்காகத் தைராய்டு பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பாவது நிறுத்துங்கள், எடுத்ததையும் சொல்லுங்கள்.

ஜிங்க், செலினியம், வைட்டமின் ஏ எல்லாம் கலந்த 'ஹேர் வைட்டமின்' ஒண்ணு இருக்கே. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டா தப்பா?

'எதுக்கும் இருக்கட்டும்' என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இந்தச் சத்துக்களில் சில, கூடினாலும் முடியைக் கொட்டவைக்கும். வைட்டமின் ஏ நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து போனால் முடி உதிரும், கல்லீரல் பாதிக்கப்படும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருவுக்கே கேடு. குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துத்தநாகம் 40 மி.கி.க்கு மேல் நீண்டநாள் போனால் செம்பு உறிஞ்சப்படாமல், அதுவே ரத்தசோகையைக் கொண்டுவரும்.

செலினியத்துக்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவச் சத்து மருந்தில், உற்பத்திப் பிழையால் சீட்டில் எழுதியிருந்ததைப் போல் சுமார் 200 மடங்கு செலினியம் சேர்ந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது, நகங்கள் நிறம் மாறி உடைந்தன.

துத்தநாகம் குறைவதற்கு வாய்ப்புள்ளவர்கள் இருக்கிறார்கள்: நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள், இறைச்சியும் மீனும் சாப்பிடாமல் முழுக்கத் தானியத்தை நம்பியிருப்பவர்கள். அவர்களுக்கு அளந்து பார்த்துக் கொடுத்தால் பலன் தெரியும். குறைவே இல்லாதவர்கள் மாத்திரையாக எடுப்பதால் பயனில்லை.

வைட்டமின் டி 11 இருக்கு. அதனாலதான் முடி கொட்டுதா?

11 குறைவுதான், 20-க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலான மருத்துவர்கள் குறைவு என்பார்கள். எலும்புக்காகவே அதைச் சரிசெய்ய வேண்டும். மயிர்க்காலில் வைட்டமின் டி-க்கான ஏற்பி இருக்கிறது; அது பிறவியிலேயே பழுதானவர்களில் பலருக்குத் தலை முழுக்க முடி இருக்காது. ஆகவே தொடர்பு உண்மை. ஆனால் மாத்திரை எடுத்து அளவை ஏற்றினால் கொட்டிய முடி திரும்பும் என்பதற்கான சான்று இன்னும் பலமாக இல்லை. வைட்டமின் டி குறைந்திருப்பது மிகப் பரவலாகக் காணப்படுவது. அது கண்ணில் பட்டவுடன் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள். வாராந்திர அதிக அளவு மாத்திரையை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மேல் நீங்களாகத் தொடரவும் வேண்டாம், ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

பி12?

முடியோடு நேரடித் தொடர்புக்குச் சான்று குறைவு. ஆனால் கை கால் மதமதப்பு, மறதி, நாக்கு எரிச்சல் இருந்தால் முடியை விட்டுவிட்டு இதை உடனே கவனியுங்கள். நரம்புப் பாதிப்பு நாளானால் முழுதாகத் திரும்பாது.

மூணு மாசத்துல 12 கிலோ குறைச்சேன். இப்போ கொத்துக் கொத்தா வருது. டயட்டை விட்டுடவா?

டயட்டை விட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். உடல் இதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் குறைந்தபட்சம். 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். எடை குறைக்கும்போது கிலோவுக்கு 1 கிராமுக்கு மேலே வைத்துக்கொள்வது நல்லது. காரணம், கலோரி போதாதபோது சாப்பிடும் புரதத்தையே உடல் எரிபொருளாக்கிவிடும். கொழுப்பை முழுக்க ஒதுக்கினால் லினோலெயிக் அமிலம் போன்ற அவசியக் கொழுப்புகளும் கிடைக்காது, அதற்கும் முடி உதிரும்.

முட்டை, மீன், பயறு, பருப்பு, பால் பொருட்கள், இறைச்சி இவற்றில் உங்களுக்கு ஏற்றதை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள். ஒரே வேளையில் குவிப்பதைவிட அது எளிது. வாரம் அரைக் கிலோ அளவுக்குக் குறைத்தால் முடி பெரும்பாலும் தாங்கும். ஏற்கனவே கொட்டத் தொடங்கியது, எடை நிலைத்தபின் சில மாதங்களில் அடங்கும்.

குழந்தை பிறந்து நாலு மாசம். பால் குடுக்கிறதாலதான் கொட்டுதுன்னு சொல்றாங்க. நிறுத்தினா சரியாகுமா?

பால் கொடுப்பதை இதற்காக நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரஜன் அதிகமாக இருந்ததால் உதிர வேண்டிய முடியும் தலையில் தங்கியிருந்தது. பிரசவத்துக்குப் பின் அந்த ஹார்மோன் இறங்கியதும் எல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், மூன்றாவது நான்காவது மாதத்தில் கொட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும்.

ஆனால் பிரசவத்தில் நிறைய ரத்தம் போயிருந்தால் ஃபெரிட்டின் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியும் இதே மாதங்களில்தான் வரும். மிகுந்த அசதி, படபடப்பு, எடையில் திடீர் மாற்றம் இருந்தால் 'பிரசவமானவளுக்கு இது சகஜம்' என்று யாரும் ஒதுக்கிவிடாமல் டி.எஸ்.ஹெச். பாருங்கள்.

தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒண்ணா காலையிலயே போட்டுடறேன். சரிதானே?

சரியில்லை. இரும்பும் கால்சியமும் தைராக்ஸின் மாத்திரையைக் குடலில் பிடித்துக்கொண்டு உள்ளே போக விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றிலும் இரும்பை மதியமோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் டி.எஸ்.ஹெச். அளவு ஏறுகிறது என்று மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போவது நடக்கிறது.

எண்ணெய், சீரம் தடவினா சத்து உள்ளே போகாதா?

வெளியே தெரியும் முடித்தண்டு உயிரற்றது. அதற்கு ஊட்ட முடியாது. எண்ணெய் உராய்வைக் குறைக்கும், முறிவது குறையும். சத்துக்குறையை அது நிரப்பாது.

கொட்டுறது பெருசா இல்ல. ஆனா வகிடு மட்டும் அகலமாயிட்டே போகுது. எந்தச் சத்து குறைவு?

இது பெரும்பாலும் சத்துக்குறை இல்லை. பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து மயிர்க்கால்களைச் சிறிதாக்கிக்கொண்டே போகும் பெண்முறை வழுக்கை இது. உச்சியில் முடி மெலியும், முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1977-ல் லுட்விக் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிலைகளை வைத்து இன்றும் மருத்துவர்கள் இதை மதிப்பிடுகிறார்கள். சத்துக்குறை உதிர்வு தலை முழுக்கப் பரவலாக வரும். இது ஒரு பகுதியில், ஆண்டுக்கணக்கில், சத்தமில்லாமல் வரும்.

இதற்குத் தடவும் மினாக்ஸிடில் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இயல்பு. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கூடாது. நிறுத்தினால் பலனும் மெல்லப் போய்விடும். இந்த இரண்டு வகையும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது ஃபெரிட்டினைச் சரிசெய்தால் கொட்டுவது நிற்கும், வகிடு மட்டும் அப்படியே இருக்கும். மாத்திரை பலிக்கவில்லை என்று நினைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் தொடங்குபவர்களுக்கே மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

எப்போ காத்திருக்காம டாக்டர்கிட்ட போகணும்?

வட்டமாகச் சொட்டை விழுந்தால், புருவமோ இமைமுடியோ கொட்டினால், தலையில் எரிச்சல், வலி, சீழ், செதில் இருந்தால், வழுக்கை விழுந்த இடம் துளைகளே இல்லாமல் வழவழப்பாகத் தெரிந்தால் உடனே போக வேண்டும். கடைசியாகச் சொன்னது தழும்பு வழுக்கையாக இருக்கலாம். அங்கே மயிர்க்கால் அழிந்துபோனால் திரும்ப முளைக்காது. குரல் தடித்து, முகத்தில் முடி வேகமாக வளர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆனா ஆறு மாசத்துக்கு மேல கொட்டுது. இப்போ என்ன பண்றது?

முதலில் நாட்காட்டியை இன்னொரு முறை பாருங்கள், இம்முறை மருந்துகளுக்காக. கருத்தடை மாத்திரையை நிறுத்தியது, சில ரத்த அழுத்த மருந்துகள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள், பருவுக்குத் தரும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மாத்திரைகள் எல்லாம் முடியை உதிர்க்கக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாமல் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் பரவலான உதிர்வு, நடுவயதுப் பெண்களுக்குக் காரணம் பிடிபடாமலே கூடியும் குறைந்தும் சில ஆண்டுகள் போவதுண்டு. அது தலை முழுவதையும் வழுக்கையாக்காது. குறைவே இல்லாதபோது சத்து மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துத் தலையைப் பார்க்கும் தோல் மருத்துவரிடம் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

ஃபெரிட்டின் 50 வரை ஏறிச்சு, முடியும் நின்னுச்சு. மாத்திரையை நிறுத்தி ஆறு மாசத்துல மறுபடியும் 14. இப்படியே வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

ஏறிய இரும்பு திரும்பவும் இறங்குகிறது என்றால் எங்கோ ஒரு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாப்கின், நாட்கள், கட்டிகள் பற்றி மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். கருப்பையில் நார்க்கட்டியோ அடினோமயோசிஸோ (கருப்பையின் உள்சவ்வு அதன் தசைக்குள் வளர்வது) இருக்கலாம். ரத்தப்போக்கைக் குறைக்க மருந்துகளும் ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனமும் உண்டு. போக்கு குறைந்தால் மாத்திரையின் தேவையும் குறையும்.

மாதவிடாய் சாதாரணமாக இருந்தும் இறங்கினால் குடலைப் பார்க்க வேண்டும். சீலியாக் பரிசோதனை, ஹெலிகோபாக்டர் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. வலிநிவாரணி மாத்திரைகளை அடிக்கடி எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், வயிற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம். மாத்திரை எவ்வளவு போட்டும் ஏறவே இல்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது உண்டு; அதை மருத்துவமனையில் கண்காணிப்போடு செய்வார்கள்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் கதையே வேறு. ரத்தம் போக வழி இல்லாத உடலில் இரும்பு குறைய ஒரு காரணம் கட்டாயம் இருக்கும், அது குடலில் உள்ள புண்ணோ புற்றுநோயோகூட ஆகலாம். முடிக்காக எடுத்த பரிசோதனையில் அது தெரியவந்தால் மாத்திரையோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போகாமல், இரைப்பை குடல் மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டை அதே வாரத்தில் காட்டுங்கள்.